புரமோஷனைக் கண்டால் ஓடுகிற கான்ஸ்டபிள்: ஹேமிஷ் மெக்பெத் புத்தகங்களும் ஓடாத ஒரு டிவிடியும்

எம்.சி. பீட்டன் எழுதிய ஹேமிஷ் மெக்பெத் துப்பறியும் கதை வரிசையில் முதல் ஐந்து புத்தகங்கள், இடையில் சிலவற்றைத் தாண்டி ஒன்பதாவது, அப்புறம் அந்தக் கதாபாத்திரத்தை வைத்து பிபிசி எடுத்த தொடரின் டிவிடி பெட்டி, இவ்வளவையும் ஒரே மாதத்தில் வாங்கினேன். புத்தகங்களுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. டிவிடிக்குக் கொடுத்தது பாதி வீண். அதற்குக் காரணம் தொடர் இல்லை, விற்றவர். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

துப்பறியும் கதை என்றாலே லண்டன், பெரிய மூளை, பூதக்கண்ணாடி என்று படித்து வளர்ந்தவன் நான். இதில் துப்பறிபவன் ஒரு சாதாரண கான்ஸ்டபிள். ஒல்லி, நெட்டை, சிவப்புத் தலைமுடி, நல்ல சோம்பேறி. ஊர் லாக்டூ. எழுதும்போது கடைசியில் இரண்டு எழுத்து கூடுதலாக வரும், சொல்லும்போது காணாமல் போய்விடும். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் 'டூ' என்றால் கறுப்பு. கற்பனை ஊர்தான், ஆனால் ஸ்காட்லாந்தின் வடக்குக் கோடியில் இருக்கும் சதர்லாந்து நிஜம். வடக்குக் கோடியில் இருக்கிற இடத்துக்குத் 'தெற்கு நாடு' என்று பெயர், ஏனென்றால் பெயர் வைத்தவர்கள் அதற்கும் வடக்கேயிருந்து கப்பலில் வந்த நார்வேக்காரர்கள். ஒற்றை வண்டி போகிற ரோடு, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே கொஞ்சம் அகலம், எந்நேரமும் மழை, மழை விட்டால் கண்ணுக்குத் தெரியாத பொடிக் கொசு. ஊரே ஒரு தெருதான். மீன்பிடி படகுகள், ஒரு ஹோட்டல், ஒரு டாக்டர், சர்ச், கொஞ்சம் ஆடு வளர்ப்பவர்கள். இவர்களுக்கு நடுவே போலீஸ் ஸ்டேஷன். ஸ்டேஷன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அவன் வீடுதான் ஸ்டேஷன். முன்னால் ஆபீஸ், பின்னால் சமையலறை, ஒரு லாக்கப், கொல்லையில் கோழிகள்.

இந்த ஹேமிஷ் எங்கே காபி கிடைக்கிறதோ அங்கே போய் நிற்பான். ஓசிக் காபி, ஓசிச் சாப்பாடு, பெரிய பண்ணையாரின் ஆற்றில் ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பிடித்த சால்மன் மீன். சட்டத்தைக் காப்பாற்ற வேண்டியவனே மீன் திருடுகிறான் என்பதை ஆசிரியை ஒரு குற்றமாகவே எழுதுவதில்லை, ஊரும் அப்படிப் பார்ப்பதில்லை. முதல் புத்தகத்தில் இவன் ஏன் இப்படிக் கையேந்துகிறான் என்று யோசித்துக்கொண்டே போனேன், அப்புறம் காரணம் வருகிறது: வீட்டுக்கு மூத்தவன், பன்னிரண்டு வருஷம் ஒற்றைப் பிள்ளை, அப்புறம் வரிசையாக மூன்று தம்பிகள், மூன்று தங்கைகள். அந்தப் பக்கத்து வழக்கப்படி அடுத்தவன் தலையெடுத்துச் சம்பாதிக்கிற வரை மூத்தவன் கல்யாணம் செய்துகொள்ளாமல் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் இவன் காபிக்குத் தெருத்தெருவாக அலைகிறான். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய வழக்கமாக இருக்கலாம். நம்ம தெருவில் வீட்டுக்கு ஒருத்தன் இப்படி இருக்கிறான், யாரும் அவனைப் பற்றிப் புத்தகம் எழுதவில்லை.

முதல் புத்தகம் 'டெத் ஆஃப் எ காசிப்', 1985-இல் வந்தது. தூண்டில் போட்டு சால்மன், டிரவுட் பிடிக்கக் கற்றுத்தரும் ஒரு வகுப்பு, அதற்கு வெளியூரிலிருந்து வந்து ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள் பத்துப் பேருக்குள், அதில் லேடி ஜேன் என்று ஒரு அம்மாள். எல்லோருடைய பழைய கதையும் அந்த அம்மாளுக்குத் தெரியும், அதை ஊசி மாதிரி அவ்வப்போது குத்திக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் நமக்கே தோன்றிவிடும், இந்த அம்மாள் உயிரோடு ஊர் திரும்ப மாட்டார் என்று. திரும்பவில்லை. பீட்டன் தானே சதர்லாந்தில் அப்படியொரு மீன்பிடி வகுப்புக்குப் போயிருந்தபோதுதான் இந்த யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். கிளாஸ்கோவில் பிறந்து, புத்தகக் கடையிலும் பத்திரிகையில் கிரைம் நிருபராகவும் வேலை பார்த்தவர், அப்புறம் குடும்பத்தோடு சதர்லாந்துக்கே போய் ஆடு வளர்த்திருக்கிறார். மழையையும் வம்பையும் பற்றி எழுதும்போது அது தெரிகிறது.

ஹேமிஷ் துப்பறிகிற விதம்தான் எனக்கு இதில் ருசி. தடயம், கைரேகை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஸ்ட்ராத்பேன் டவுனிலிருந்து வரும் பிளேர் என்கிற பெரிய அதிகாரியின் சமாச்சாரம். அந்த ஆள் வந்ததும் முதல் வேலையாக ஹேமிஷை ஓரங்கட்டுவார். ஓரங்கட்டப்பட்டவன் என்ன செய்வான்? போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்குப் போடுவான். மலைநாட்டு ஜனம் பிழைப்புக்காக உலகம் முழுக்கப் போனவர்கள், அதனால் எந்த ஊர்க்காரன்மேல் சந்தேகம் வந்தாலும் அந்த ஊரில் இவனுக்கு ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் இருப்பான். அவன் விசாரித்துச் சொல்வான். ஆதாரம் பெரும்பாலும் கையில் இருக்காது. இருப்பது மாதிரி நடித்து, எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, குற்றவாளி வாயாலேயே வரவழைத்துவிடுவான். கோபம் வந்தால் அவன் பேச்சு மாறும், ஸ, ஷ எல்லாம் அழுத்தமாக விழும், 'ஜஸ்ட்' என்பது 'சஸ்ட்' ஆகிவிடும். எதிராளி உஷாராகிக்கொள்ள வேண்டிய இடம் அது. தமிழில் இதை எப்படி எழுதிக் காட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சண்டை வந்தால் மட்டும் சொந்த ஊர்ப் பேச்சுக்குத் திரும்பிவிடும் சென்னைக்காரர்கள் எனக்குப் பத்துப் பேரைத் தெரியும், அதே விஷயம்தான்.

கொலையாளியைக் கண்டுபிடித்ததும் என்ன செய்கிறான் என்று பாருங்கள். பெயரை பிளேருக்குக் கொடுத்துவிடுகிறான். 'நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள் சார்' என்கிற மாதிரி. பெருந்தன்மை இல்லை, பயம். பெயர் வந்தால் புரமோஷன் வரும், புரமோஷன் வந்தால் ஸ்ட்ராத்பேனுக்கு மாற்றல் வரும், ஸ்ட்ராத்பேனுக்குப் போனால் கோழி, காபி, சால்மன் எல்லாம் போச்சு. மொத்த வரிசையும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது. கொலையைத் துப்பறிவதைவிடத் துப்பறிந்ததை மறைப்பதில் அவன் படுகிற பாடுதான் அதிகம்.

இதை என் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், தென்காசிப் பக்கம் மலையடிவார ஸ்டேஷனில் நிறைய வருஷம். ஆங்கிலம் வாசிக்கப் பொறுமை கிடையாது, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நான் கதை சொல்ல வேண்டும். "இதுல என்னல அதிசயம்?" என்றார். "எங்க செட்டுல பாதிப் பேரு அப்படித்தான். மாத்தல் வந்தா புள்ளைங்க பள்ளிக்கூடம், வாடகை வீடு, எவன் அலையுறது?" அப்புறம் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் தீரவே இல்லை. "கேஸ் டைரி யாரு எழுதுதா?" எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. அறிக்கை, சாட்சி வாக்குமூலம், கோர்ட்டு, ஒன்றும் கதையில் கண்ணில் படுவதில்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒரு சுவாரசியமான விதி உண்டு: குற்றத்தை நிரூபிக்க ஒரே சாட்சி போதாது, ஒன்றை இன்னொன்று உறுதிப்படுத்த வேண்டும், அதனால் முக்கியமான விசாரணைக்குப் போலீஸ்காரர்கள் இரண்டு பேராகப் போவது வழக்கம். அப்படிப் பார்த்தால் தனி ஆளாக ஒரு ஸ்டேஷனை வைத்துக்கொண்டு போனிலும் காபியிலும் துப்பறிகிறவனுடைய கேஸ் கோர்ட்டில் எத்தனை நாள் நிற்கும்? இதை வைத்தே நல்ல கதை பண்ணியிருக்கலாம். பீட்டனுக்கு அதில் அக்கறை இல்லை. நடைமுறை தெரிந்தவர்கள் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

இரண்டாவது, 'டெத் ஆஃப் எ கேட்' (Cad). ஆகஸ்ட் 12-ஆம் தேதி அங்கே குரூஸ் என்கிற காட்டுக்கோழி வேட்டை தொடங்கும் நாள், பணக்காரர்களுக்குத் திருவிழா. டாமல் கோட்டையில் விருந்தாளிகள் கூடி யார் முதலில் சுடுவது என்று பந்தயம் கட்ட, அதில் ஒரு கேப்டன் சுடப்படுகிறார். பரவாயில்லை ரகம். கோட்டைக்காரரின் மகள் பிரிசில்லாமேல் ஹேமிஷுக்கு இருக்கும் காதல் எனக்குச் சீக்கிரம் சலித்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு புத்தகம் நெருங்கி ஒரு புத்தகம் விலகி இழுக்கிறார்கள்.

மூன்றாவது சாப்பிடும்போது படிக்க வேண்டாம். 'டெத் ஆஃப் அன் அவுட்சைடர்' இது. ஹேமிஷைத் தற்காலிகமாக நோத்தன் என்ற சிடுமூஞ்சி ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள், அங்கே எல்லோராலும் வெறுக்கப்படும் ஒரு ஆளின் பிணம் லாப்ஸ்டர் தொட்டியில் விழுந்து எலும்பு மட்டும் மிச்சம், தின்ற லாப்ஸ்டர்களோ ஏற்கெனவே பெரிய ஹோட்டல்களுக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. பின் அட்டையிலேயே இதைப் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் ஒன்றும் உடைத்துவிடவில்லை. நகைச்சுவை என்ற பெயரில் இந்த அம்மாள் எவ்வளவு தூரம் போவார் என்று இதில்தான் தெரிந்தது. தவிர, சொந்த ஊரை விட்டு வேறொரு சின்ன ஊரில் போய் மாட்டிக்கொண்ட ஹேமிஷ் முழுக்க ஆள் மாறிப்போகிறான். யாரும் காபி கொடுப்பதில்லை. யாரையும் தெரியாது. அறிமுகம் இல்லாத இடத்தில் அவனுடைய சோம்பேறித்தனம் வெறும் சோம்பேறித்தனம் ஆகிவிடுகிறது. ஐந்தில் எனக்கு இதுதான் உறுத்தலோடு நின்ற புத்தகம்.

நான்காவதில் டிரிக்ஸி என்று ஒரு பெண் குடியேறி, ஊர்ப் பெண்களை எல்லாம் திரட்டி, புகை பிடிக்காதே, எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிடாதே, வீட்டைப் பளபளவென்று வை என்று திருத்தத் தொடங்குகிறார். டாக்டரின் மனைவி ஏஞ்சலா, எப்போதும் புத்தகமும் கையுமாக வீட்டைப் போட்டது போட்டபடி வைத்திருப்பவர், திடீரென்று துடைத்துத் துடைத்துப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறார். கொலையைவிட அதுதான் பயமாக இருந்தது. ஊரின் ஆண்கள் முகத்தைப் படிக்கும்போது, டிரிக்ஸிக்கு யாராவது ஆர்சனிக் கொடுத்தால் ஆச்சரியமில்லை என்று தோன்றும், அதேதான் நடக்கிறது.

ஐந்தாவதுக்கு வருகிறேன். 'டெத் ஆஃப் எ ஹஸ்ஸி', 1990. ஒன்றே ஒன்று வாங்குவதானால் இதை வாங்குங்கள். லாக்டூவில் குற்றமே நடப்பதில்லை என்று மேலிடம் ஸ்டேஷனை மூடி ஹேமிஷை ஸ்ட்ராத்பேனுக்கு இழுத்துக்கொள்கிறது. அவன் பயந்த அதே மாற்றல், புரமோஷன் கூட இல்லாமல். ஊர் கூடிப் பேசுகிறது. குற்றம் இல்லை என்றுதானே மூடினார்கள், சரி, குற்றம் செய்துவிடுவோம். மரியாதையான குடும்பத்துப் பெண்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், கிளம்பிவிடுகிறார்கள். லாக்டூவில் திடீரென்று குற்ற அலை! கரி சகோதரிகள் என்று கல்யாணமாகாத இரட்டையர்கள் இந்த வரிசையில் உண்டு, நெஸ்ஸி, ஜெஸ்ஸி, அதில் ஜெஸ்ஸி எதையும் இரண்டு தடவை சொல்வார், இரண்டு தடவை சொல்வார். அந்த மாதிரி ஆட்கள் நிறைந்த ஊர் குற்றம் செய்யக் கிளம்பினால் எப்படி இருக்கும்! இந்த இடத்தைப் பெரியப்பாவுக்குச் சொன்னபோது அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். "ஒரு ஏட்டுக்காக ஊரே திருடுச்சாக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எனக்கு மாத்தல் வந்தப்ப டீக்கடைக்காரன் பாக்கியத்தான் கேட்டான்."

ஸ்காட்லாந்தில் நிஜமாகவும் சின்னப் போலீஸ் படைகள் ஒன்றாகிப் பெரிதாகிக்கொண்டேதான் வந்தன. 2013 ஏப்ரல் 1 அன்று எட்டுப் பிராந்தியப் போலீஸ் படைகளை ஒன்றாக்கி ஒரே தேசியப் படையாக்கினார்கள், மலைநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வடக்குப் படையும் அதில் கரைந்துபோனது. அதனால் இந்தப் புத்தகத்தை இன்று படிக்கும்போது ஸ்டேஷன் மூடுகிற விஷயம் அவ்வளவு வேடிக்கையாக மட்டும் இல்லை.

குறை சொல்லாமல் விட முடியாது. செத்துப்போகிறவர் எப்போதும் வெறுக்கத் தகுந்தவர், முதல் ஐம்பது பக்கத்தில் யார் எல்லோரையும் எரிச்சல்படுத்துகிறாரோ அவர்தான் பிணம், மூன்று புத்தகத்துக்குமேல் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பிளேர் ஒரு கார்ட்டூன். பெண்களின் உடம்பைப் பற்றி, குறிப்பாகக் குண்டாக இருப்பவர்களைப் பற்றி எழுதுகிற வரிகள் அந்தக் காலத்துக்கே மோசம், இப்போது முகம் சுளிக்க வைக்கும். எனக்குப் பெரிய குறை இன்னொன்று. அந்த ஊர் ஏன் இவ்வளவு காலியாக இருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்துப் பண்ணையார்கள் ஆடு மேய்த்தால் லாபம் அதிகம் என்று குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாக வீடுகளிலிருந்து துரத்தினார்கள், வீட்டைக் கொளுத்திய இடமும் உண்டு. ஹேமிஷின் சொந்தக்காரர்கள் உலகமெல்லாம் சிதறிக் கிடப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. அந்தச் சொந்தக்காரர்களின் போன் நம்பரை வைத்து வரிசை முழுக்கக் கதை ஓட்டுகிற ஆசிரியை, நம்பர் எப்படி அவ்வளவு சேர்ந்தது என்பதை நின்று பார்ப்பதில்லை. சுற்றுலாக்காரர் கண்ணுக்கு அழகான வெறுமையாகவே விட்டுவிடுகிறார்.

ஒன்றை முடித்த கையோடு அடுத்ததை எடுக்காதீர்கள். இருநூறு பக்கத்தை ஒட்டிய புத்தகங்கள்தான், ஒரே மழைநாளில் முடிந்துவிடும், ஆனால் அடுத்தடுத்து படித்தால் ஒரே சாம்பாரை மூன்று வேளை சாப்பிட்ட மாதிரி இருக்கும். மாதத்துக்கு ஒன்று சரியான அளவு. மொத்தம் முப்பதுக்குமேல் இருக்கின்றன, பீட்டன் 2019 கடைசியில் காலமான பிறகும் வேறொருவர் தொடர்ந்து எழுதுகிறார்.

இனி டிவிடி. விளம்பரத்தில் எல்லா பிளேயரிலும் ஓடும் என்று போட்டிருந்தார்கள். டிவிடிகளை உலகத்தின் பகுதிவாரியாக மண்டல எண் போட்டுப் பூட்டியிருப்பார்கள், வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. வந்தது பிரிட்டன் பதிப்பு, மண்டலம் 2. இந்தியா மண்டலம் 5. என் பிளேயர் தட்டை விழுங்கிவிட்டுத் துப்பியது. விற்றவருக்கு எழுதினால், பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்று பதில். பிரிக்காமல் எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கடைசியில் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன். அதன் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாம், ஐந்து தடவைக்குமேல் முடியாது, அதில் ஒன்றை இதற்காகச் செலவழித்தேன். வெளிநாட்டுத் தட்டு வாங்குகிறவர்கள் பெட்டியின் பின்னால் உருண்டைக்குள் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தொடர் 1995 முதல் 1997 வரை மூன்று பருவம், இருபது பகுதிகள். படப்பிடிப்பு பிளாக்டன் என்ற நிஜ மீனவ கிராமத்தில். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் புண்ணியத்தில் அந்தக் குளிர்தேசத்துக் கரையோரம் பனை மாதிரி மரங்கள் நிற்பதைப் பார்த்ததும் முதலில் வேறு ஏதோ தட்டைப் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். ஹேமிஷாக ராபர்ட் கார்லைல். நெட்டை இல்லை, சிவப்பு முடி இல்லை, பிரிசில்லாவும் கதையில் இல்லை. பதிலுக்கு அலெக்ஸ் என்ற எழுத்தாளர், இசபெல் என்ற உள்ளூர் நிருபர், வீ ஜாக் என்ற வெள்ளை நாய்க்குட்டி. இந்த ஹேமிஷ் கஞ்சா வேறு புகைக்கிறான். புத்தகத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் கோபம்தான் வரும். மறந்துவிட்டுப் பார்த்தால் அருமை, ஏனென்றால் கார்லைலிடம் புத்தகத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது, சும்மா நிற்கும்போதே இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது. டிவி ஜான் என்று ஒரு பெரியவர், ஊரில் முதலில் டிவி வாங்கியதால் அந்தப் பெயர், நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும் சக்தி உள்ளவர். அவர் வரும் காட்சிகளுக்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன். நாய்ப் பிரியர்கள் முதல் பருவத்தைக் கவனமாகப் பார்க்கவும், இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

புத்தகத்துக்கு ஐந்துக்கு மூன்றரை, ஹஸ்ஸிக்கு மட்டும் நாலரை. தொடருக்கு நாலு. விற்றவருக்கு ஒன்றும் இல்லை.

ஒன்பதாவதை ஏன் இடையில் தாண்டி வாங்கினேன் என்றால் பெரியப்பாவுக்காகத்தான். ஹஸ்ஸி கதை முடிந்ததிலிருந்து, கடைசி வரைக்கும் அவன் புரமோஷனிலிருந்து தப்பித்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் வரும் புத்தகங்களின் குறிப்புகளைத் தேடிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. இல்லை பெரியப்பா, சார்ஜன்ட் ஆக்கிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"அப்ப கூட ஒரு ஆளைப் போட்டிருப்பானே?"

போட்டிருக்கிறார்கள். வில்லி என்று ஒரு கான்ஸ்டபிள், ஸ்டேஷனை விடாமல் துடைத்துக்கொண்டே இருப்பான், கேஸைப் பற்றிக் கவலையே கிடையாது.

"நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, செல்லம் பெட்டியை மூடி வைத்துவிட்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டார். "சரி, அத மொதல்ல சொல்லு."